வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பெயரை எழுதுங்கள்: சிப்பி தின்னும் மீன்களின் ஊர்ப்பெயர் சேகரிக்க ஒரு வழிகாட்டி

கொச்சியிலிருந்து ராமேஸ்வரம் வந்த நண்பர் ஒருவர், "நல்ல கிளிமீன் கிடைத்தால் வாங்கி வை" என்று முதல்நாளே சொல்லியிருந்தார். நானும் விடியற்காலையில் போய், பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்த ஒரு கிளிமீனைப் பேரம் பேசி வாங்கி வந்தேன். அவர் பையைத் திறந்து பார்த்தார். "இது என்ன மீன்?" என்றார்.

அவர் ஊரில் கிளிமீன் என்றால் இளஞ்சிவப்பாக ஒரு சாண் நீளத்துக்கு வரும் மீன். சென்னையில் அதைத்தான் சங்கரா என்று கூறுகட்டி விற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கிளிமீன் என்றால் கிளி மூக்கு வைத்த பவளப்பாறை மீன். இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. மத்தியானக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கி, மீன் பெயர் எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுதத்தான் தெரிந்தது, பெயரை மட்டும் எழுதிப் பயனில்லை என்று. தூத்துக்குடியில் சீலா என்று கேட்டால் வஞ்சிரத்தைக் காட்டுவார்கள். சென்னையில் அதே சீலாவைக் கேட்டால் ஊளி வரும். யாழ்ப்பாணத்தில் வஞ்சிரத்துக்கு அறக்குளா என்று பெயர். கன்னியாகுமரிப் பக்கம் போனால் நெய்மீன். இதில் எது சரி என்று கேட்பதே வீண். அவரவர் கரையில் அவரவர் பெயர் சரி. நமக்கு வேண்டியது, எந்தக் கரையில் யார் எந்த மீனைக் காட்டி எந்தப் பெயரைச் சொன்னார் என்ற பதிவு.

மொத்தக் கடலையும் ஒரே நோட்டில் அடைக்கப் பார்த்தால் மூன்றே மாதத்தில் அலுத்துவிடும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கரையோரத்தில் சிப்பி, மட்டி, சங்கு, நண்டு என்று ஓடுள்ளதைத் தின்னும் மீன்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. ஓட்டை உடைக்க வேண்டிய மீனுக்கு வாயில் அதற்கான கருவி இருந்தே தீரும். பெயர் குழப்பினாலும் வாய் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நிறம் அப்படியில்லை. செத்த ஒரு மணி நேரத்தில் மாறிவிடும், ஐஸில் போட்டால் வெளுத்துவிடும்.

முதலில்: ஒரு கரை, ஒரு நேரம்

ஒரே ஒரு இறங்குதளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து ஊருக்கு ஒவ்வொரு நாள் போவதைவிட ஒரே ஊருக்கு ஐந்து நாள் போவது மேல். முதல் நாள் உங்களை மீன் வாங்க வந்தவர் என்று நினைப்பார்கள், இரண்டாம் நாள் அதிகாரி என்று நினைப்பார்கள். மூன்றாம் நாளில்தான் பேச்சு வரும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இந்த நாட்களில் நாட்டுப்படகு, தூண்டில், கரைவலை மீன்தான் கரைக்கு வரும். நம் வேலைக்கு இது நல்ல காலம் என்பேன். தூண்டிலில் வரும் மீன் நசுங்காமல் முழுசாக இருக்கும். பிடித்தவரே பக்கத்தில் நிற்பார். எந்த இடத்தில் கடித்தது என்று அவருக்குத் தெரியும். இழுவலை மீன் அப்படியில்லை. பல மணி நேரம் ஒன்றாக உருண்டு, செதிலுதிர்ந்து, எந்த ஆழத்தில் ஏறியது என்று யாருக்கும் தெரியாமல் கூடையில் கொட்டப்படும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குத் தடைக்காலம் ஜூன், ஜூலை மாதங்களில் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கையில் நோட்டு, பென்சில் (பேனா ஈரத்தில் கலங்கும்), 30 செ.மீ. அடிக்கோல், ஒரு பழைய துண்டு, ஒரு மரக்குச்சி. ஐஸ் குச்சி போதும். குச்சி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கேட்கும் விதம்

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, பெயரைத் தாங்களே சொல்லிவிட்டு ஆமாவா என்று கேட்பது. "அண்ணே, இது வெளமீன்தானே?" என்றால் வேலையில் இருப்பவர் "ஆமா" என்றுதான் சொல்வார். மறுக்க அவருக்கு நேரம் கிடையாது. "அண்ணே, இதை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் எழுதிக்கொண்டு, அடுத்து ஒன்று கேளுங்கள்: "சின்னதா இருக்கும்போதும் இதே பேர்தானா?" குஞ்சுக்கு ஒரு பெயர், பெரிதுக்கு ஒரு பெயர் வைத்திருக்கும் மீன்கள் உண்டு. இந்தக் கேள்வி கேட்காமல் விட்டால் ஒரே மீனை இரண்டாக எழுதிவிடுவீர்கள்.

அதே மீனைப் பிடித்தவரிடம் ஒரு தடவை, ஏலம் விடுகிறவரிடம் ஒரு தடவை, கூறு போட்டு விற்கும் அக்காவிடம் ஒரு தடவை கேளுங்கள். பிடித்தவர் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்வார். ஏலக்காரருக்கு விலை மாறாத வரை பிரிவு தேவையில்லை, நாலு வகையை ஒரே பெயரில் முடித்துவிடுவார். விற்கும் அக்கா, வாங்க வருபவருக்குப் புரியும் பெயரைச் சொல்வார். வெளியூர்க்காரர் என்றால் வெளியூர்ப் பெயர். மூவரும் பொய் சொல்லவில்லை. மூன்றையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்து.

சங்கு குளிக்கப் போகிறவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். மற்றவர்கள் மீனைக் கரையில் பார்க்கிறார்கள், இவர்கள் மேயும் இடத்தில் பார்த்தவர்கள். எது மட்டியைத் தோண்டும், எது கல்லில் ஒட்டியதைக் கொத்தும் என்று இவர்களால்தான் சொல்ல முடியும்.

தின்னப்படும் ஓட்டுயிரின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். சிப்பி என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் மட்டி என்பார். புறாமுட்டை என்றால் முட்டையில்லை, புள்ளி போட்ட ஒரு கடல்நத்தை. கன்னியாகுமரிப் பக்கம் சந்தையில் நின்று மட்டி என்று மட்டும் சொன்னால் வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். அங்கே மட்டிப்பழம் அவ்வளவு பிரசித்தம்.

அடுத்தது வாய்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வெளமீனிலிருந்து தொடங்குவோம். விளமீன், வெளமீன், யாழ்ப்பாணத்தில் விளைமீன் என்று பெயர் கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் அடையாளம் தெரியும் அளவில்தான் மாறுகிறது. இணையத்தில் மீன் விற்பவர்கள் சிலர் 'விலைமீன்' என்று எழுதுகிறார்கள். விலையைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

நல்ல கனமான வெளமீன் ஒன்றை எடுத்து, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் அழுத்தித் திறங்கள். முன்பக்கம் கூரிய பற்கள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். குச்சியைத் தாடையின் ஓரமாக உள்ளே கொண்டுபோனால் குச்சி முனை வழுக்கி வழுக்கி மேடேறும். அங்கே பயறு பதித்த மாதிரி உருண்டையான கடைவாய்ப் பற்கள் வரிசையாக இருக்கும். சிப்பியையும் நண்டையும் கடல்முள்ளியையும் (முள்பந்து மாதிரி இருக்கும் கடலுயிர்) நொறுக்குவது அவைதான். ஒரு தடவை பாம்பனில் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாக்குக்கடியில் அரிசி அளவு வெள்ளை ஓட்டுத் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்று மீனே சொன்ன மாதிரி இருந்தது.

இனி சிக்கல். மூஞ்சி நீண்டு, உடம்பு ஒல்லியாக வரும் ஒரு வகையையும் பல இடங்களில் வெளமீன் என்றே சொல்கிறார்கள். அதன் வாயைத் திறந்தால் ஓரப் பற்களும் கூர்மையாகவே இருக்கும், உருண்டைப் பல் கிடையாது. அது பெரும்பாலும் மீனும் கணவாயும் இறாலும் பிடித்துத் தின்பது. பெயர் ஒன்று, குடும்பமும் ஒன்று, ஆனால் சாப்பாடு வேறு. 'வெளமீன் சிப்பி தின்னும்' என்று பொதுவாக எழுதினால் பாதி தப்பு. எந்த வெளமீன் என்று வாயைப் பார்த்து எழுத வேண்டும்.

வெளமீனைச் செப்பிலியோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. இதற்கு ஒரு கை வைத்தியம் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் விரலால் தடவுங்கள். வெளமீனுக்குக் கன்னத்தில் செதில் கிடையாது, வழவழ என்று இருக்கும். செப்பிலிக்குக் கன்னத்திலும் செதில் உண்டு. வெளமீன் என்று உறுதியான பிறகு கண்ணைச் சுற்றி நீலக்கோடுகள் ஓடுகின்றனவா, செவுள்மூடியின் ஓரத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள். முதலாவது லெத்ரினஸ் நெபுலோசஸ், இரண்டாவது பெரும்பாலும் லெத்ரினஸ் லெண்ட்ஜான். அறிவியல் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்தது கிளாத்தி. தோல் சொரசொரப்பாக, வாய் சின்னதாக, முகம் முழுக்க நெற்றியாக இருக்கும். முன்னால் உளி மாதிரி பற்கள். முதுகில் ஒரு கெட்டியான முள்ளைத் தூக்கிப் பூட்டிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. அதன் பின்னாலுள்ள சின்ன முள்ளை லேசாக அமுக்கினால் பட்டென்று படுத்துவிடும். துப்பாக்கி விசை மாதிரி. அதனால்தான் ஆங்கிலத்தில் ட்ரிகர் ஃபிஷ். கிளாத்தியில் பெரிய வகைகள் முள்ளியும் நண்டும் சிப்பியும் உடைத்துத் தின்பவை. ஆனால் சந்தையில் நிறையக் கிடைக்கும், சிவந்த பல்லுள்ள கறுநீலக் கிளாத்தி முக்கியமாகத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது. பல்லை மட்டும் பார்த்து 'சிப்பி தின்னி' என்று முடிவு கட்டினால் இங்கே ஏமாந்துபோவீர்கள். முடிந்தால், மீன் வெட்டும் இடத்தில் நின்று குடலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெட்டுகிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் காட்டுவார்கள்.

கிளிமீனும் இப்படி ஏமாற்றுவதுதான். அலகைப் பார்த்தால் எதையும் உடைக்கும் என்று தோன்றும். அது பாறையிலும் செத்த பவளத்திலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பது. இந்த நோட்டில் அதற்கு இடமில்லை, என் நண்பருக்காக நான் வாங்கிய மீனாக இருந்தாலும்.

பேத்தைக்கு வருவோம். இங்கேதான் குச்சி கட்டாயம். வலையில் வந்த பேத்தை உப்பிக்கொண்டு கிடந்தால் இன்னும் உயிர் இருக்கலாம், அதன் வாய் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அசையாமல் கிடப்பதைக் குச்சியால் உதட்டை விலக்கிப் பாருங்கள். மேலேயும் கீழேயும் பலகை மாதிரி பல். நடுவில் ஒரு பிளவுக்கோடு இருந்தால் சாதாரணப் பேத்தை, மொத்தம் நாலு பலகை. கோடே இல்லாமல் மேலே ஒன்று கீழே ஒன்று என்றிருந்தால் உடம்பெல்லாம் முள்ளுள்ள முள்ளுப் பேத்தை. நத்தை ஓடு, நண்டு ஓடு எல்லாம் இதற்குத் தூசு. பேத்தையைப் பெயரெழுதப் பாருங்கள், சமைக்கப் பார்க்காதீர்கள். பல பேத்தை இனங்களின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் போகாது. எந்த ஊர்க்காரர் 'நாங்க சாப்பிடுவோம்' என்று சொன்னாலும் சரி.

நொறுக்கும் பல் இல்லாமல் மண்ணைக் கிளறிப் பிழைப்பவையும் உண்டு. நவரைக்கு, யாழ்ப்பாணத்து நகரைக்கு, தாடைக்குக் கீழே இரண்டு மீசை. அதை வைத்து மண்ணைத் துழாவி இரை தேடும். கிழங்கான் சின்ன வாயால் மணலுக்குள்ளிருந்து புழுவையும் சின்ன மட்டியையும் எடுக்கும். யாழ்ப்பாணத்தில் அது கிளக்கன். கெளுத்தி, கெளிறு என்று இரண்டாகச் சொல்லப்படும் மீசைக்காரரைத் தூக்கும்போது முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தும், துண்டு வைத்துப் பிடியுங்கள். இவை மூன்றும் எது கிடைத்தாலும் தின்பவை. இவற்றுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, 'சிப்பியும் தின்னும்' என்று மட்டும் எழுதுவது நேர்மை.

திருக்கைக்குத் தனியாக ஒரு நாள்

சிப்பி தின்னிகளில் பெரியவர் திருக்கைதான். எல்லாத் திருக்கையும் இல்லை. மணலில் சப்பையாகக் கிடப்பதை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சிறகு விரித்துப் பறப்பது போல நீந்தும் திருக்கையைப் பாருங்கள். அதைக் குருவித் திருக்கை என்பார்கள். வவ்வால் திருக்கை என்று சொல்பவர்களும் உண்டு. வவ்வால் என்று மட்டும் கேட்டால் அது வேறு, விலை கூடிய வாவல் மீன். மலையாளத்தில் திருக்கை என்பது திரண்டி. குருவித் திருக்கை அங்கே காக்கைத் திரண்டி. நமக்குக் குருவியாகத் தெரிந்தது அவர்களுக்குக் காக்கையாகத் தெரிந்திருக்கிறது. சிங்களத்தில் திருக்கை மடுவா.

குருவித் திருக்கையிலேயே இரண்டு விதமான முகம் வரும். மூக்கு வாத்து அலகு போல ஒன்றாக நீண்டு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஒரு வகை. மூக்கு நடுவில் பள்ளம் விழுந்து மாட்டு மூஞ்சி போல இரண்டாகப் பிரிந்திருந்தால் இன்னொன்று. வாயைத் திறந்தால் சந்தேகம் முழுசாகத் தீரும். புள்ளிக்காரருக்கு அகலமான தட்டுகள் ஒரே வரிசையில், சீப்பு மாதிரி அடுக்கி இருக்கும். மாட்டு மூஞ்சிக்காரருக்குத் தரையில் ஓடு பதித்த மாதிரி பல வரிசை. கைவிரலால் தடவினால் அரைக்கல் மேல் தடவுவது போலிருக்கும். இதை நீங்கள் செய்து பார்க்கும்போது வால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விஷமுள் வால் தொடங்கும் இடத்தில், உடம்பை ஒட்டினாற்போல் இருக்கும். பிடித்தவுடனே கடலிலேயே வெட்டிவிடுவார்கள், ஆனால் 'வெட்டியிருப்பார்கள்' என்று நம்பிக் கை வைக்காதீர்கள்.

மன்னார் வளைகுடாவில் திருக்கையின் இந்தப் பல்லுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. கடலடியில் முத்துச்சிப்பி படுகையாக வளரும் கற்றரைக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே தொல்லாயிரம் பார், இலங்கைப் பக்கம் பெரிய பார், செவல் பார், இப்படிக் கடலுக்கடியில் இருக்கும் நிலத்துக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வருடம் சிப்பி கோடிக்கணக்கில் இருக்கும், அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் வெறும் கல்லாகக் கிடக்கும். 1905-ல் இலங்கையில் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் பார் காலியானது.

இந்த மாதிரி ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேட அதற்கு முன்பே, 1902-ல், ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளரை வரவழைத்திருந்தார்கள். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்துறைக்குத் தலைவரானார். முத்துச்சிப்பியைத் தின்பவை என்று அவர்கள் எழுதிவைத்ததில் திருக்கையும் கிளாத்தி இனமும் முன்னால் நின்றன. கூடவே ஒரு விசித்திரமான கணக்கும் போட்டார்கள். சிப்பிக்குள் புகும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சைச் சுற்றித்தான் முத்து உருவாகிறது, அந்தப் புழு வளர்ந்து முட்டையிடுவது திருக்கையின் குடலில். அப்படியென்றால் சிப்பியைத் தின்னும் திருக்கைதான் முத்துக்கும் காரணம்! இந்த விளக்கம் பின்னாளில் நிற்கவில்லை. புழு இல்லாமலே 1973-ல் தூத்துக்குடி அருகே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் இதைக் கரையில் சொல்லிப் பாருங்கள், திருக்கையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத நாலு விஷயம் பதிலுக்கு வரும். என் நோட்டில் திருக்கைப் பக்கங்கள் நிரம்பியது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. பாதி சுறா, பாதி திருக்கை போல இருக்கும் உழுவையும் ஓட்டுயிர்களை நொறுக்கித் தின்பதுதான். உழுவையில் ஒரு வகையும், உடம்பெல்லாம் முள் நிரம்பிய ஒரு திருக்கை வகையும் 2001-லேயே இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்தவை. உழுவையின் பெயரைக் கேட்கலாம், எழுதலாம். விலை கேட்காதீர்கள், படமெடுத்து எங்கும் போடாதீர்கள். உங்களை நம்பிப் பேசியவருக்குத்தான் தொல்லை வரும்.

பெயரைப் பிரித்துப் படிப்பது

இருபது முப்பது பெயர் சேர்ந்ததும் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். ஊர்ப்பெயர் பெரும்பாலும் இரண்டு துண்டு. பின்துண்டு கூட்டத்தைச் சொல்லும்: திருக்கை, கிளாத்தி, பேத்தை, பாரை. முன்துண்டு ஆளைச் சொல்லும்: புள்ளி, வரி, முள்ளு, கொம்பு, செம், கரு. கொம்புத் திருக்கை என்று கேட்டதுமே தலைக்கு முன்னால் இரண்டு நீட்டல் இருக்கும் என்று ஊகிக்கலாம். (அது சிப்பி தின்பதில்லை, மிதக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்பது.) பின்துண்டு கரை தாண்டினாலும் அதிகம் மாறுவதில்லை, மாறுவது முன்துண்டு. எனவே புது ஊருக்குப் போனால் முதலில் பின்துண்டைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பழைய ஆங்கில நூல்களிலும் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் 1870-களில் இந்திய மீன்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்திருக்கிறார். எல்லாம் ஆங்கில எழுத்தில், அந்தக் காலத்து வெள்ளைக்காரக் காதில் விழுந்தபடி. 'கர்ரூவே திரிக்கி' என்று வருவதை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள், குருவித் திருக்கை பிடிபடும். மௌனமாகப் படித்தால் பிடிபடாது.

ஆங்கிலப் பெயர் குழப்பமில்லாதது என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம்மூர்க் கிழங்கானை லேடி ஃபிஷ் என்கிறார்கள், அதே பெயரில் வெளிநாட்டில் வேறு மீன். கிளாத்தியை இங்கே லெதர் ஜாக்கெட் என்று ஏற்றுமதி செய்கிறார்கள், அந்தப் பெயரும் பலபேருக்குச் சொந்தம். ஓட்டலில் ரெட் ஸ்னாப்பர் என்று வருவது பல நேரம் சங்கரா.

இதனால்தான் அறிவியல் பெயர் வேண்டும். ஊர்ப்பெயருக்கு மாற்றாக இல்லை, அதைக் கட்டிவைக்கும் முளைக்குச்சியாக. ஒவ்வொரு மீனுக்கும் மூன்று படம் எடுங்கள்: துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் முழு மீன் (தலை இடப்பக்கம், அடிக்கோல் கீழே), கன்னம் கிட்டத்தில், திறந்த வாய். மூன்றாவது படத்தை யாரும் எடுப்பதில்லை. மீன் தெரிந்தவரிடம் காட்டும்போது அவர் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தின் தலைமையகமே அங்கேதான் இருந்தது. மீன்வளம் படிக்கும் மாணவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களும் உதவுவார்கள். உறுதியாகாத மீனுக்கு அறிவியல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பிய கட்டத்தை ஆறு மாதம் கழித்து நீங்களே நம்ப ஆரம்பித்துவிடுவீர்கள்.

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

வெளமீன். சொன்னவர் தூண்டில்காரர், 60 வயது இருக்கும். பாம்பன், தெற்குவாடிப் பக்கம். 41 செ.மீ. பார் ஓரத்தில் தூண்டிலுக்கு வந்தது. கன்னத்தில் செதில் இல்லை. கண்ணைச் சுற்றி நீலக்கோடு. கடைவாய்ப் பல் உருண்டை. வாயில் ஓட்டுத் துண்டு. விற்ற அக்கா சொன்ன பெயரும் இதுவே. சின்னதுக்கு வேறு பெயர் இல்லை என்றார்.

திரும்பப் போய்ப் படித்துக் காட்டுவது

இதைப் பலர் செய்வதில்லை. நோட்டு பாதி நிரம்பியதும் அதே கரைக்குப் போய், வேலை ஓய்ந்த நேரத்தில், எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். கேட்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருவர் திருத்துவார், இன்னொருவர் திருத்தியவரைத் திருத்துவார், நீங்கள் பென்சிலோடு தயாராக இருந்தால் போதும்.

நான் அப்படிப் படித்தபோது, கிளாத்தி ஒன்றுக்கு எழுதியிருந்த பெயரில் மீன் விற்கும் அக்கா ஒருவர் நிறுத்தச் சொன்னார்.

"இதை யாரு தம்பி சொன்னா?"

சொன்னவர் பெயரைச் சொன்னேன். இருபது வருடமாக அதே கரையில் படகு வைத்திருப்பவர்.

"அவரா? அவரு இங்க கல்யாணம் கட்டி வந்தவருல்ல. அது அவங்க ஊருப் பேரு."

அன்றிலிருந்து என் நோட்டில் சொன்னவரின் பிறந்த ஊருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் முதல் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.